பேசாலையில் எண்ணெய், டிக்கோயாவில் கியூ

மன்னாரில் எண்ணெய் இருக்கிறதா என்று டிக்கோயாவில் பஸ்ஸுக்கு நிற்கிற யாரைக் கேட்டாலும் "இருக்காம்" என்றுதான் பதில் வரும். ஐம்பது வருசமாக இருக்கிறது. பெற்றோல் விலை ஏறுகிற மாதத்தில் கட்டாயம் இருக்கிறது. தேர்தல் மாதத்தில் பொங்கி வழிகிறது. விலை இறங்கிவிட்டால் அது எங்கே போனது என்று ஒருவருக்கும் தெரியாது. இந்த எண்ணெயின் சரித்திரத்தை அரசாங்கப் பாணியில் எழுதினால் படுகை, அகழ்வு, அனுமதிப்பத்திரம் என்று மூன்றாவது வரியில் தூக்கம் வரும். நடந்தபடியே எழுதினால் சிரிப்பு வரும். தூக்கத்துக்கு ஏற்கனவே ஆள் இருப்பதால் நான் இரண்டாவதை எடுத்துக்கொள்கிறேன்.

வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஆரம்பிப்போம். 1884இல் ஹட்டனுக்குக் கோச்சி வரும்வரை இந்த மலையில் ஓடிய பிரதான எரிபொருள் புல். வண்டி மாடு புல்லைத் தின்று கோப்பி மூட்டையை இழுத்தது. புல்லின் விலையை எந்த உலகச் சந்தையும் தீர்மானிக்கவில்லை, மழை தீர்மானித்தது. டிக்கோயாவில் மழைக்கு என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. பிறகு கோச்சி வந்தது, அதோடு இறக்குமதி நிலக்கரி வந்தது. மண்ணெண்ணெய் தகர டின்னில் ஏறி வந்தது. எண்ணெய் எரிந்து முடிந்த பிறகும் டின் முடியவில்லை. தண்ணீர் வாளி, அரிசி டின், ஓட்டைக் கூரைக்கு ஒட்டு என்று லயத்தில் அது இரண்டாவது வாழ்க்கை வாழ்ந்தது. எரிபொருள் இறக்குமதியால் தோட்டத்துச் சனத்துக்கு நிலையாகக் கிடைத்த முதல் நன்மை அந்த டின்தான் என்பது என் கருத்து.

1918இல் விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் எழுந்து நின்று, இந்தத் தீவில் எண்ணெயும் கிடையாது, நிலக்கரியும் கிடையாது, மலையில் விழுகிற தண்ணீர்தான் நமக்கு வழி என்று கட்டுரை வாசித்தார். துரைமார் கேட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்கள். முப்பத்திரண்டு வருசம் கழித்து, 1950இல், லக்ஷபான மின்நிலையம் ஓட ஆரம்பித்தது. இவ்வளவு சீக்கிரமாக ஒரு நல்ல யோசனை இந்த நாட்டில் நிறைவேறியது அபூர்வம். பிறகு டிக்கோயாவுக்குக் கீழே கெஹெல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீ அணை வந்தது. அந்தத் தண்ணீரில் ஓடும் மின்நிலையத்துக்கு விமலசுரேந்திரவின் பெயரையே வைத்தார்கள்.

எங்கள் காலடியிலேயே எரிபொருள் ஊற்று. உள்நாட்டு உற்பத்தி, நூற்றுக்கு நூறு. இறக்குமதி இல்லை, டொலர் இல்லை, அரபுக்காரன் தயவு இல்லை. அப்படியென்றால் அணையைச் சுற்றியிருந்த லயங்களில் என்ன எரிந்திருக்க வேண்டும்? குப்பி விளக்குதான் எரிந்தது, அதுவும் இறக்குமதி மண்ணெண்ணெயில். மின்கம்பி தோட்டத்துக்கு மேலாகக் கொழும்புக்குப் போனது. துரை பங்களாவுக்கும் தொழிற்சாலைக்கும் ஒரு கிளை இறங்கியது. லயங்களில் பெரும்பாலானவற்றுக்கு மின்சாரம் வந்தது பல பத்து வருசம் கழித்துத்தான். ஊரில் ஊற்று இருந்தால் ஊருக்கு மலிவு என்று யாராவது சொன்னால் டிக்கோயாக்காரர்கள் கொஞ்சம் இருமுவதற்குக் காரணம் இதுதான்.

இப்போது எண்ணெயை அரசாங்கம் கையில் எடுத்த கதை. அறுபதுகள் தொடங்கும்போது நாட்டின் எண்ணெய் முழுவதும் ஷெல், எசோ, கால்டெக்ஸ் என்ற மூன்று கம்பெனிகளின் கையில் இருந்தது. விலை ஏன் இப்படி என்று கேட்டால் மூவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அமைச்சர் டி.பி. இலங்கரத்னவுக்கு அது பிடிக்கவில்லை. சோவியத்காரன் மலிவாகத் தருகிறேன் என்கிறான், நாமே வாங்கி நாமே விற்போம் என்று 1961இல் சட்டம் கொண்டுவந்து பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை ஆரம்பித்தார். 1962இல் கம்பெனிகளின் பெற்றோல் செட்டுகளில் ஒரு பகுதியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் ஹிக்கன்லூப்பர் என்ற செனட்டர் சரியாக அந்த வருசம்தான் ஒரு திருத்தம் கொண்டுவந்திருந்தார்: அமெரிக்கச் சொத்தை எடுத்துவிட்டு ஈடு கொடுக்காத நாட்டுக்கு உதவி கிடையாது. சட்டம் புதிதாக இருந்தது, யார் மேலாவது பிரயோகித்துப் பார்க்க வேண்டுமே. கியூபா ஏற்கனவே கைமீறிப் போய்விட்டது. வாஷிங்டனில் அன்றைக்கு இப்படித்தான் பேசியிருப்பார்கள் என்று கற்பனை செய்கிறேன்:

"சிலோன் எங்கே இருக்கிறது?"

"தேயிலை டப்பாவில் படம் போட்டிருக்கும், சேர்."

"அவர்களிடம் எண்ணெய் இருக்கிறதா?"

"ஒரு சொட்டும் இல்லை, சேர்."

"நல்லது, நிறுத்து."

1963 பெப்ரவரியில் உதவி நின்றது. எண்ணெய்க்காக ஒரு வல்லரசின் தண்டனையை முதன்முதலாக இந்தச் சட்டத்தில் வாங்கிய நாடு, எண்ணெயே இல்லாத நாடு. அதை நினைத்து நாம் பெருமைப்படுவதா என்று இன்னும் எனக்குத் தீர்மானமில்லை. 1965இல் டட்லி சேனாநாயக்க ஆட்சிக்கு வந்து ஈடு கொடுக்கச் சம்மதித்ததும் உதவி திரும்பி வந்தது. 1969இல் சப்புகஸ்கந்தையில் சுத்திகரிப்பு ஆலையும் வந்தது. அதன் வயிறு ஈரானின் இலேசான மசகு எண்ணெய்க்கென்று தைக்கப்பட்டிருந்தது. இந்த விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

1973 ஒக்டோபரில் அரபு நாடுகள் குழாயைத் திருகின. பீப்பாய் மூன்று டொலரளவில் இருந்தது, சில மாதங்களில் பன்னிரண்டை நெருங்கியது. உலகமே தரையைத் தோண்ட ஆரம்பித்தது. நாமும் தோண்டினோம். மன்னார் தீவில் பேசாலை என்ற கத்தோலிக்க மீன்பிடி கிராமத்தில், 1974இல், சோவியத் நிபுணர்கள் துளையிட இறங்கினார்கள். பாஸ்கு நாடகத்துக்குப் பேர்போன ஊர் அது. இடத் தெரிவில் பிழை சொல்ல முடியாது. கிணறு 2,500 மீற்றருக்கும் கீழே போய் அடிப்பாறையில் முட்டியது. மேலே கொழும்பில் கனவு அதைவிட ஆழமாகப் போயிருந்தது. எண்ணெய் வந்தாயிற்று, இனி குவைத் நாம்தான் என்று பேச்சு. ஒன்று காய்ந்தது, இரண்டாவது துளைத்தார்கள். அதுவும் காய்ந்தது, மூன்றாவது துளைத்தார்கள். பிறகு ஒரு அமெரிக்கக் கம்பெனி பாக்கு நீரிணையிலும் நெடுந்தீவுப் பக்கத்திலும் துளைத்துப் பார்த்தது. 1981இல் இன்னொரு அமெரிக்கக் கம்பெனி மறுபடி துளைத்தது. எல்லாம் காய்ந்த துளை. இலங்கையின் வடமேற்குக் கடலடியில் இன்றைக்கும் காற்றோட்டம் நன்றாக இருக்கும்.

அந்த 1974ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஜனவரியில் இலங்கையினதும் இந்தியாவினதும் பெண் பிரதமர்கள் இருவரும் உட்கார்ந்து, முன்பு இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு போட்ட ஒப்பந்தத்தில் தீர்க்காமல் விட்டிருந்த மலையகத் தமிழர் 150,000 பேரைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். உனக்கு 75,000, எனக்கு 75,000. ஜூனில் அதே இருவரும் பாக்கு நீரிணையில் கோடு கிழித்துக் கச்சதீவைத் தீர்த்தார்கள். அந்தக் கடல் ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு உண்டு: கோட்டின் இரண்டு பக்கமும் பரவிய எண்ணெய்ப் படிவம் எதுவும் கண்டுபிடிக்கப்பட்டால், அதை எப்படி எடுப்பது, வருமானத்தை எப்படிப் பங்கிடுவது என்று இரண்டு அரசாங்கங்களும் பேசி முடிவுசெய்ய வேண்டும். யாரும் கண்ணால் காணாத எண்ணெய்க்கு இவ்வளவு அக்கறை. அதைப் பற்றிப் பேசிய பிறகுதான் முடிவு. கண்ணால் கண்ட 150,000 பேரிடம் எந்தப் பக்கம் போக விருப்பம் என்று கேட்டுப் பங்கிடவில்லை.

பங்கிடப்பட்டவர்கள் எப்படிப் போனார்கள்? ஹட்டனில் கோச்சி ஏறினார்கள். ஏறியவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் அழுத அழுகையில் அந்த வண்டிக்கே ஒப்பாரிக் கோச்சி என்று பேர் வந்துவிட்டது. அது தலைமன்னார் துறைக்குப் போனது. தலைமன்னாருக்கு முந்தி வருகிற ஸ்டேஷன் எது தெரியுமா? பேசாலை. நாட்டைக் காப்பாற்றப் போகிற எண்ணெய்க்காக ரஷ்யாக்காரன் துளைத்துக்கொண்டிருந்த ஊரைத் தாண்டித்தான், நூறு வருசமாக நாட்டைக் காப்பாற்றிவந்த சனத்தைக் கப்பலேற்றக் கொண்டுபோனார்கள். பெட்டிக்குள்ளே யாராவது ஒரு பொடியன் இப்படிக் கேட்டிருப்பான்:

"என்னாம்மா இந்த ஊர்ல?"

"எண்ணெ தோண்டுறாங்களாம்."

"எண்ணெ வந்தா நம்மள திருப்பிக் கூப்பிடுவாங்களா?"

"பேசாம இரு. எண்ணெய இங்கயே வச்சிக்கிறுவாங்க, நம்மளத்தான் அனுப்புவாங்க."

அந்த அம்மா சொன்னது பாதிதான் சரி. எண்ணெயும் வரவில்லை. அதே காலத்தில் தோட்டங்களில் மாவு விலை ஏறி, வேலை நாள் குறைந்து, பசியால் சனம் செத்தது. இதில் நகைச்சுவை எதுவும் எனக்குத் தோன்றவில்லை, அடுத்த விஷயத்துக்குப் போகிறேன்.

பக்கத்து வீட்டில் என்ன நடந்தது? அதே 1974 பெப்ரவரியில், அதே சோவியத் ஆட்கள் முன்பு ஆய்வு செய்து காட்டிய இடத்தில், இந்தியாவின் 'சாகர் சாம்ராட்' பம்பாய் ஹையில் துளைத்தது. எண்ணெய் பீறிட்டது. நாம் மூக்கைச் சொறிந்தோம். ஆனால் பொறாமைப்படும் முன்பு கணக்கைப் பார்க்க வேண்டும். ஐம்பது வருசமாக பம்பாய் ஹை கறந்துகொண்டேயிருக்கிறது. இந்தியா தனக்குத் தேவையான மசகு எண்ணெயில் இன்றைக்கும் நூற்றுக்கு 85க்கு மேல் வெளியே வாங்குகிறது. அந்த எண்ணெய் வயலுக்கு எதிர்க்கரையில் இருக்கிற மும்பைதான் 2021 மேயில், பெற்றோல் லீற்றர் 100 ரூபாவைத் தாண்டிய முதலாவது இந்தியப் பெருநகரம். நமக்கு இன்னும் கிட்டத்தில், கோடியக்கரைக்கு அந்தப் பக்கம், நரிமணத்திலும் குத்தாலத்திலும் காவிரிப் படுகையில் எண்ணெய் எடுக்கிறார்கள். நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் பனங்குடியில் 1993இல் சுத்திகரிப்பு ஆலையும் போட்டார்கள். நாகப்பட்டினத்தில் பெற்றோல் சென்னையைவிட மலிவா? இல்லை. நரிமணத்து விவசாயிக்கு எண்ணெய்க் குழாய் வயலுக்குள் போகிறது, விலை மட்டும் டெல்லியிலிருந்து வருகிறது. நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் 2017இல் சனம் ரோட்டில் உட்கார்ந்தது எங்கள் நிலத்தில் துளைக்காதே என்றுதான். எங்களுக்கு எண்ணெய் மலிவாகிறதே, தோண்டு தோண்டு என்று ஒருவரும் வரவில்லை. பேசாலைக்கு அடியில் இருப்பதும் அதே காவிரிப் படுகையின் வால்தான்.

இனி 2008. இந்த அத்தியாயத்தை நான் ரசித்து எழுதுவேன், மன்னியுங்கள். உலகச் சந்தையில் எண்ணெய் ஏறிக்கொண்டே போனது. தரையைத் தோண்டி அலுத்துப்போன நமது கூட்டுத்தாபனம் இந்த முறை வங்கிக்குள் தோண்டப் போனது. அப்போது அதன் தலைவர் அசந்த டி மெல். 1982இல் இலங்கை விளையாடிய முதலாவது டெஸ்ட் மெட்சில் புதுப்பந்து வீசியவர், நல்ல வேகம். வங்கிகள் ஒரு திட்டம் காட்டின: எண்ணெய் ஒரு அளவுக்கு மேல் ஏறினால் நாங்கள் உங்களுக்குக் கொஞ்சம் தருவோம், ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் நீங்கள் எங்களுக்கு நிறையத் தர வேண்டும். எண்ணெய் இறங்காது என்று எல்லாருக்கும் தெரியும். ஜூலையில் பீப்பாய் 147 டொலர் தொட்டது. வங்கிகள் சின்னச் சின்னத் தொகை கட்டின. கொழும்பு சந்தோஷப்பட்டது. டிசம்பரில் பீப்பாய் 40 டொலருக்கும் கீழே போனது.

உலகத்தில் எண்ணெய் விலை விழுந்தால் எண்ணெய் இல்லாத நாடு வெடி கொளுத்தும். எண்ணெய் விலை விழுந்ததால் கடனாளியான எண்ணெய் இல்லாத நாடு நாமாகத்தான் இருக்க வேண்டும். விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் வங்கிகளுக்குப் பணம் கட்டுவதை நிறுத்தச் சொன்னது. கையோடு, டிசம்பர் 17இலிருந்து பெற்றோலை லீற்றர் 100 ரூபாவுக்கு விற்கும்படியும் உத்தரவிட்டது. துளையில்லை, கப்பலில்லை, ஒரு பேனையால் பெற்றோல் விலையை இறக்கிய ஒரே நாடு என்ற பேர் நமக்குக் கிடைத்திருக்கும், அரசாங்கம் கேட்டிருந்தால். அரசாங்கம் கேட்கவில்லை. 120க்குத்தான் இறக்கியது. கொஞ்ச நாளில் நீதிமன்றம் தன் இடைக்கால உத்தரவைத் திரும்ப எடுத்துக்கொண்டது. டிக்கோயாவில் முச்சக்கரவண்டிக்காரர் ஒருவரும் அந்த 100 ரூபாப் பெற்றோலைக் கண்ணால் காணவில்லை. ஆனால் லண்டனில் 2011இல் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி தொடுத்த வழக்கில் கூட்டுத்தாபனம் ஏறக்குறைய 162 மில்லியன் டொலர் கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. அடுத்த வருசம் டொய்ச் வங்கிக்கு 60 மில்லியன் என்று சர்வதேச நடுவர் மன்றம் சொன்னது. ஒரு கிணறும் வெட்டாமல் இவ்வளவு ஆழம் போனது நாம் மட்டும்தான்.

வங்கியில் தோண்டி அடிபட்ட பிறகு மறுபடி மன்னார். கேர்ன் இந்தியா கம்பெனி ஒரு கடல் துண்டைக் கேள்வியில் எடுத்து, 2011இல் ஜப்பானின் 'சிக்யூ' கப்பலைக் கொண்டுவந்தது. பூமியின் உள்வயிற்றை ஆராய்வதற்கென்று கட்டிய விஞ்ஞானக் கப்பல் அது. கிணறுகளுக்கு டொராடோ, பரகூடா, வலாகோ என்று பேர் வைத்தார்கள், எல்லாம் மீன்கள். மன்னார்க் கடலில் மீன் பேரைச் சொன்னாலாவது ஏதாவது அகப்படும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். அகப்பட்டது! 1,354 மீற்றர் தண்ணீருக்குக் கீழே, 3,000 மீற்றர் தாண்டி, 25 மீற்றர் தடிப்பில் டொராடோவில் வாயு கிடைத்தது. பீதுருதாலகாலை மலையைத் தலைகீழாக நட்டாலும் அந்த ஆழம் எட்டாது. அடுத்து பரகூடாவிலும் வாயு. மற்றவை காய்ந்தன.

இது உண்மையான கண்டுபிடிப்பு, கிண்டல் செய்ய மாட்டேன். கிண்டல் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. வாயுவைப் பெற்றோல் டாங்கிக்குள் ஊற்ற முடியாது. வீட்டு அடுப்பில் எரிகிற சிலிண்டர் கேஸும் அது இல்லை, அது வேறு சாமான். கடலுக்கு அடியிலிருந்து கரைக்குக் குழாய் போட வேண்டும், அதை எரிக்க மின்நிலையம் கட்ட வேண்டும், யார் என்ன விலைக்கு வாங்குவார் என்று முன்கூட்டியே எழுத்தில் வேண்டும். அதற்குள் உலகச் சந்தையில் எண்ணெய் பாதி விலைக்கும் கீழே விழுந்தது. 2015இல் கம்பெனி சாமானைக் கட்டிக்கொண்டு போனது. உள்நாட்டில் தோண்டினால் விலை குறையும் என்கிறவர்கள் இந்தச் சுழற்சியை மேடையில் சொல்வதில்லை: விலை ஏறினால்தான் தோண்ட ஆள் வரும், தோண்டி முடிக்கப் பத்து வருசம் ஆகும், அதற்குள் விலை இறங்கும், இறங்கினால் ஆள் போய்விடும். எல்லாம் சரியாக நடந்து எண்ணெயே வந்தாலும், எடுத்தவன் அதை உலக விலைக்குத்தான் விற்பான். மன்னாரில் எடுத்தது என்று டிக்கோயாவுக்குக் கழிவு தர அவன் என்ன மாமனா, மச்சானா? நோர்வேயில் இல்லாத எண்ணெயா? ஐரோப்பாவில் பெற்றோல் விலை கூடிய நாடுகளில் அதுவும் ஒன்று.

விலையைத் தீர்மானிப்பது கிணறு இல்லை என்பதற்கு நமது சொந்தச் சாட்சியம் 2020. அந்த ஏப்ரலில் அமெரிக்காவில் எண்ணெய் விலை பூச்சியத்துக்கும் கீழே போனது. எண்ணெயை எடுத்துக்கொண்டு போனால் காசும் தருகிறோம் என்ற நிலை. அன்றைக்கு டிக்கோயாவில் பெற்றோல் லீற்றர் 137 ரூபா. அதற்கு முதல் மாதமும் 137, அடுத்த மாதமும் 137. வித்தியாசத்தைத் திறைசேரி விழுங்கியது.

2021இல் எரிசக்தி அமைச்சர் உதய கம்மன்பில, மன்னார் படுகையில் 267 பில்லியன் டொலர் பெறுமதியான எண்ணெயும் வாயுவும் இருப்பதாகச் சொன்னார். கணக்குப் போட்டுப் பார்த்தேன், தலைக்குப் பன்னிரண்டாயிரம் டொலர். பச்சைக் குழந்தைக்கும் உண்டு. ஐந்து பேர் உள்ள லயத்துக் குடும்பத்துக்கு அறுபதாயிரம். இந்தக் குடும்பத்தார் அப்போதுதான் நாள் சம்பளம் ஆயிரம் ரூபா வேண்டும் என்று வருசக்கணக்கில் கத்தி, அந்த மார்ச்சில் வர்த்தமானியில் வாங்கியிருந்தார்கள். அதுவும் கிலோக் கணக்கு சரியாக இருந்தால்தான், இல்லாவிட்டால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம். 267 பில்லியனின் சொந்தக்காரர் அரைப் பேருக்குக் கணக்கப்பிள்ளையோடு சண்டை பிடிக்கிறார் என்றால் அது அவருடைய எளிமையைக் காட்டுகிறது.

அதே வருசம் ஜூனில் அதே அமைச்சர் பெற்றோலை 137இலிருந்து 157க்கு உயர்த்தினார். விலகு என்று முதலில் அவரைக் கேட்டது எதிர்க்கட்சி இல்லை, ஆளும் பெரிய கட்சியின் செயலாளர். அதற்குப் பிறகு விலை ஏறிய வேகத்தில் 157 என்பது ஒரு பொற்காலமாகிவிட்டது. 2021 டிசம்பரில் 177. 2022 மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மேயில் 420, ஜூனில் 470. உக்ரேன் யுத்தத்தில் உலக விலை ஏறியது உண்மைதான். ஆனால் அதே நேரம் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனது. உலக விலை ஒரு சதம்கூட ஏறாமல் இருந்திருந்தாலும், ரூபா விழுந்ததில் மட்டும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் நாம் கூட எண்பது வீதம் கொடுத்திருப்போம்.

அந்த நாட்களில் எண்ணெய் எங்கே இருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். மன்னாரில் கடலுக்குக் கீழே தேட வேண்டியிருக்கவில்லை. கொழும்பில் கடலுக்கு மேலே, கப்பலில், சுத்திகரித்த பெற்றோலாகவே வாரக்கணக்கில் மிதந்தது. கொடுக்க டொலர் இல்லாததால் இறக்கவில்லை. திருகோணமலையில் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன 99 ராட்சதத் தாங்கிகளும் இருந்தன. நாடு வங்குரோத்தாகப் போகிற வருசத்தின் ஜனவரியில், அவற்றில் 14ஐ இந்தியக் கம்பெனிக்கும், 24ஐக் கூட்டுத்தாபனத்துக்கும், 61ஐ இரண்டும் சேர்ந்த கம்பெனிக்கும் பங்கிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். தாங்கி உண்டு, தாங்கிக்குப் பங்காளி உண்டு, தாங்கிக்குள்ளே ஊற்ற ஒன்றுமில்லை.

ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவை தவிர வேறு யாருக்கும் எரிபொருள் இல்லை என்று அறிவித்தார்கள். டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா ரோட்டில் சத்தமே அடங்கிப்போனது. ஹட்டன் செட்டில் டாங்கர் வருகிறது என்று பேச்சு வந்தால் ஆட்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் கியூவில் வைத்துவிட்டு அதற்குள்ளேயே தூங்கினார்கள். ஜூலை 13ஆம் திகதி ஜனாதிபதி விமானப்படை விமானத்தில் மாலைதீவுக்குப் போனார். அந்த விமானத்துக்கு எரிபொருள் இருந்தது. ஜூலை 16ஆம் திகதிதான் கியூ.ஆர். அட்டையை அறிவித்தார்கள், முச்சக்கரவண்டிக்கு வாரம் 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4. மூன்று நாள் பொறுத்திருந்தால் அவருக்கும் ஒரு அட்டை கிடைத்திருக்கும்.

ஓகஸ்டில் மண்ணெண்ணெயை 87 ரூபாவிலிருந்து 340க்குத் தூக்கினார்கள். அந்த ஆயிரம் ரூபா நாள் சம்பளத்துக்கு முன்பு பதினொரு லீற்றர் வாங்கலாம். அன்றிலிருந்து மூன்று லீற்றர்கூட இல்லை.

இப்போது சப்புகஸ்கந்தையின் ஈரான் வயிற்றுக்கு வருவோம். ஈரானிலிருந்து வாங்கிய எண்ணெய்க்கு நாம் 251 மில்லியன் டொலர் பாக்கி வைத்திருந்தோம். எரித்து முடித்துப் பத்து வருசமாகியும் கட்டவில்லை, அமெரிக்கத் தடையால் கட்டவும் வழியில்லை. 2021 டிசம்பரில் ஒப்பந்தம் எழுதினார்கள்: மாதம் 5 மில்லியன் டொலருக்குத் தேயிலை அனுப்பி அந்தக் கடனைக் கழிப்பது. கணக்குப்படி ஐம்பது மாதம். ஐம்பது வருசம் வட கடலைத் துளைத்தும் கிடைக்காத எண்ணெய்ப் பணம் கடைசியில் கொழுந்துக் கூடையிலிருந்து வந்தது. அட்டைக்கடியோடு மழையில் நின்று கொழுந்தெடுத்த பெண்ணுக்கு, தான் பறிப்பது 2012இல் கொழும்பில் யாரோ ஏசி போட்டு ஓட்டிய காரின் பெற்றோல் கடனுக்கு என்று யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும்: "கிலோவுக்கு எவ்வளவு கூட்டித் தருவாங்க?"

மன்னாரில் தோண்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2021இல் புதுச் சட்டம் வந்திருக்கிறது, அபிவிருத்தி அதிகார சபை வந்திருக்கிறது, நாளைக்கு இன்னொரு கப்பலும் வரட்டும். வாயு வந்தால் மின்நிலையத்துக்குப் பயன்படும், கொஞ்ச டொலர் மிஞ்சும், நல்லதுதான். ஆனால் டிக்கோயாப் பக்கத்துச் செட்டுகளில் மாதக் கடைசி இரவில் விலைப் பலகையை மாற்றுகிறவர்கள் மன்னார்ப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. சிங்கப்பூர்ச் சந்தையில் சுத்திகரித்த எண்ணெயின் விலை, அன்றைய டொலரின் விலை, அதன் மேல் அரசாங்க வரி. இந்த மூன்றையும் கூட்டித்தான் கொழும்பு இலக்கத்தை அனுப்புகிறது. அடுத்த தேர்தல் மேடையில் யாராவது எண்ணெய்க் கிணறோடு ஹட்டனுக்கு வந்தால், இந்த மூன்றில் எதை, எந்தத் திகதிக்குள், எத்தனை ரூபா குறைப்பீர்கள் ஐயா என்று மட்டும் கேளுங்கள்.